துருக்கிக் கல்யாணத்தில் நெட்டி முறித்தவள்

நான் ஒரே ஒரு படத்தில் நடித்திருக்கிறேன். அதிலும் துருக்கிக்காரியாக. அந்த நாளில் துருக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், மகளின் உலக உருண்டையை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் பதில் சொல்லியிருப்பேன்.

அமெரிக்காவில், நியூஜெர்சி எடிசனில், ரயிலடிக்கு நடந்துபோகிற தூரத்தில், மூன்று மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றில் குடியிருந்தோம். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி தெரியாமல் முழிக்கப் போகின்றன என்று உலகம் பயந்துகொண்டிருந்த சமயம். அந்தப் பயத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. கணவர் விடிந்ததும் மன்ஹாட்டன் ரயிலைப் பிடித்தால் இருட்டித்தான் வருவார். எனக்கு வேலைக்குப் போக அனுமதி தராத விசா. ஈரோட்டில் பன்னிரண்டாவது முடித்ததோடு சரி. ஆங்கிலத்தைப் புத்தகத்தில் படித்ததைவிடக் காதால் பிடித்ததுதான் அதிகம். கட்டடத்தின் அடித்தளத்தில் நான்கு வாஷிங் மெஷின்கள் இருந்தன. அந்த அறைதான் என் காலேஜ். அங்கே யார் எதை அழகாகச் சொன்னாலும், மாடிக்கு வந்ததும் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிவைத்துக்கொள்வேன்.

துருக்கி அக்கா அங்கேதான் பழக்கமானார். தரைத்தளத்தில் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. ஒரு டிரை க்ளீனிங் கடையில் துணிகளைப் பிரித்துத் தைத்துத் திருத்துகிற வேலை. லாரி ஓட்டுகிற அவர் கணவர் போனால் வாரம் கழித்துத்தான் வருவார். முதல் நாள் நான் ஈரப் போர்வையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவர் தன் மொழியில் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன். வேலை செய்கிற யாரைப் பார்த்தாலும் அவர்கள் ஊரில் 'வேலை லேசா வரட்டும்' என்று சொல்லிவிட்டுத்தான் தாண்டிப் போவார்களாம். மெஷினைப் பழுதுபார்க்க வந்தவரிடம்கூட அதையே ஆங்கிலத்தில் சொன்னார். அந்த ஆள் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, இதுவரை தன்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை என்றார்.

இன்னொன்றும் உண்டு. சமைத்தவர், தைத்தவர், எதையாவது கையால் செய்து கொடுத்தவர் யாராக இருந்தாலும் அவருக்குச் சொல்வது: 'உன் கைக்கு ஆரோக்கியம்.' நான் ஒரு கிண்ணம் எலுமிச்சை சாதம் கொண்டுபோய்க் கொடுத்தபோது முதல் வாய்க்கே சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என் கைக்கு யாரும் ஆரோக்கியம் கேட்டதில்லை. கணவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாரம் ரசத்தை உறிஞ்சிவிட்டு ஒழுங்காக ஒப்பித்தார். எட்டாம் நாள் பழையபடி உப்பு கம்மி என்றார்.

அக்காவுக்கு ஒரே மகள். இருபத்திரண்டு வயது. இங்கேயே பிறந்தவள். காலேஜில் சினிமா எடுக்கப் படித்துக்கொண்டிருந்தாள். என்னை அவர்கள் மொழியில் 'அப்லா' என்று கூப்பிடுவாள். அதற்கும் அக்கா என்றுதான் அர்த்தம். அம்மா எவ்வளவு அமைதியோ அவ்வளவுக்கு மகள் பட்டாசு. துவைத்த துணியை மடிக்கிறேன் என்று வந்து, ஒரு ஜோடி சாக்ஸைக் கையில் பிடித்தபடி அரை மணி நேரம் சினிமாவைப் பற்றிப் பேசுவாள். இந்த நாட்டுப் படங்களில் துருக்கிக்காரன் என்றால் ஒரு மீசை, ஒரு கத்தி, அவ்வளவுதானாம். அதையும் துருக்கிக்காரன் நடிக்க மாட்டானாம்; கருப்பு மீசை வைத்த எவனையாவது பிடித்து நிறுத்திவிடுவார்களாம். உங்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று என்னைக் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். யானை, பாம்பு, அதை விட்டால் பெட்ரோல் பங்க் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் சாக்ஸ் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

அவளுடைய கடைசி வருஷப் படம் அவள் அம்மாவைப் பற்றியது. அக்கா பத்தொன்பது வயதில், போட்டோவில் மட்டும் பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ள, இதே நியூஜெர்சியில் பேட்டர்சன் என்ற ஊருக்குத் தனியாக வந்திறங்கியவர். அங்கே ஒரு தையல் ஆலையில் சேர்ந்து, இரண்டு மாதம் கழித்துத்தான் கல்யாணம். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் அவர்கள் வழக்கப்படி மருதாணி வைப்பார்கள். மணப்பெண்ணின் முகத்தில் சிவப்புத் துணி போர்த்தி, பெண்கள் மெழுகுவத்தியோடு சுற்றிவந்து சோகப் பாட்டுப் பாடி அவளை அழவைப்பார்கள். பிறந்த வீட்டை விட்டுப் போகிறவள் அன்றைக்கு அழாமல் இருந்தால் நன்றாக இருக்காதாம். அழுத பிறகு, கட்டுக்கழுத்தியாக நல்லபடி வாழ்கிற ஒரு பெண் வந்து உள்ளங்கையில் காசு வைத்து, அதன் மேல் மருதாணி அப்பி, கையை மூடிக் கட்டுவாள்.

அந்தச் சாயங்காலத்தின் போட்டோ ஒன்று அக்கா வீட்டு டிவி மேல் இருந்தது. அதில் முகமே கிடையாது. சிவப்புத் துணி சுற்றிய ஒரு கை, அதன் மணிக்கட்டைப் பிடித்திருக்கும் இன்னொரு கை, அந்தக் கையில் பச்சைக்கல் மோதிரம். அவ்வளவுதான். எடுத்தவனுக்குக் கேமரா பிடிக்கத் தெரியவில்லை என்பார் அக்கா. யார் கை இது என்று கேட்டால், எல்லாம் நம்ம ஊர்ப் பெண்கள், நிற்க இடமில்லாமல் அறை முழுக்க இருந்தார்கள் என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்துவிடுவார்.

மகளுக்கு அந்த நிற்க இடமில்லாத அறைதான் படத்தின் உயிர். ஒரு முகம்கூட வேறு ஆளாக இருக்கக் கூடாது, அத்தனையும் துருக்கி முகம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் என்னிடம், புரொஃபசர் என்ன மதிப்பெண் வேண்டுமானாலும் போடட்டும், அம்மா பார்த்துவிட்டு 'ஆமாம், இப்படித்தான் இருந்தது' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், எனக்கு அது போதும் என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் பட்டாசு நமுத்துப்போயிருந்தது. அம்மாவோ, எங்களைத் தப்பாகக் காட்டிவிடாதே என்பதைத் தவிர அந்தப் படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. அக்கா மகள் நின்றாள். தலை கலைந்து, கையில் ஒரு கட்டு சிவப்பு ரிப்பன். மருதாணிக் காட்சிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்த பேட்டர்சன் துருக்கிப் பெண்கள் பதினான்கு பேரில் ஒருவரும் வரவில்லை. அன்றைக்கே அங்கே ஒரு நிஜக் கல்யாணம். நிஜக் கல்யாணத்தை விட்டுவிட்டுப் பொய்க் கல்யாணத்துக்கு யார் வருவார்கள்? காலேஜ் கேமராவைத் திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும். அக்காவோ கடையில் கூட்டம் என்று காலையிலேயே போய்விட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, கருப்பு முடி உள்ள தோழிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டாள். கருப்பு மீசை கதை இருவருக்கும் ஞாபகம் வந்தது.

நான் போனை எடுத்தேன். எங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடத்திலும் தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு. முதலில் மூன்றாம் மாடி மதுரை ஆன்ட்டி. அவர் ஒருவரிடம் சொன்னால் மீதிப் பேரிடம் நாம் சொல்ல வேண்டியதில்லை.

"சினிமாவா? ஹீரோ யாரு?" என்றார்.

"ஹீரோ இல்ல ஆன்ட்டி. பொண்ணுக்கு மருதாணி வைக்கிற சீன். சுத்தி நிக்கணும், அவ்வளவுதான்."

"நிக்கிறதுதானடி? மதுரையில எத்தனை கல்யாணத்துல நின்னுருக்கேன். இந்தா வாரேன்."

அரை மணி நேரத்தில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். சினிமா என்று கேள்விப்பட்டதால் ஆறு பேரும் பட்டுப்புடவை. மதுரை ஆன்ட்டி அரக்கில் பச்சைக் கரை, தலையில் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் வாங்கின துணிப் பூச்சரம். அக்கா மகள் வாசலில் நின்று எங்களைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. அவள் கேட்டது துருக்கி. வந்தது மீனாட்சி கல்யாணம்.

அடுத்த ஒரு மணி நேரம் எங்களைத் துருக்கிப்படுத்தும் வேலை நடந்தது. அக்காவின் அலமாரியிலிருந்து நீளப் பாவாடைகள், கம்பளிச் சட்டைகள், பூப்போட்ட தலைத்துணிகள். வளையல் கழன்றது. தாலிச் சரடு சட்டைக்குள் போனது. ஒரு மூக்குத்தி கழல மறுத்தது. மூக்குத்திக்காரியைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். பொட்டை எடுத்ததும் புதுச் சிக்கல் வந்தது. வருஷக்கணக்காக ஸ்டிக்கர் பொட்டு ஒட்டின இடம் ஏழு நெற்றியிலும் வட்டமாக வெளுத்திருந்தது. பொட்டு இல்லாமலே பொட்டு. அதன் மேல் பவுடர் அப்பினார்கள். மதுரை ஆன்ட்டி கண்ணாடியைப் பார்த்து, "என்னைய எங்க வீட்டுக்காரரே கண்டுபிடிக்க மாட்டாரு" என்றார். குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. ஐந்து வயது என் மகள் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, "அம்மா, யூ லுக் லைக் டவுன்ஸ்டேர்ஸ் ஆன்ட்டி" என்று தீர்ப்புச் சொன்னாள்.

எங்கள் வீட்டு ஜன்னல்களில் கருப்புக் குப்பைப் பைகளை ஒட்டி நடுப்பகலைச் சாயங்காலம் ஆக்கியிருந்தார்கள். கேமராவுக்கு ஒருவன், ஒலிப்பதிவுக்கு ஒருவன், இருவரும் அவளுடைய வகுப்புப் பையன்கள். மணப்பெண்ணாக நடித்தவளும் வகுப்புத் தோழிதான். அந்த அறையில் இருந்த துருக்கி ரத்தம் அவளும், இயக்குநரான அக்கா மகளும் மட்டுமே. டேப் ரெக்கார்டரில் சோகப் பாட்டு ஓடியது. மெழுகுவத்தியோடு சுற்றினோம். கோலாட்டம் ஆடிய கால்கள். பாட்டு எவ்வளவு சோகமாக இருந்தாலும் எங்கள் நடையில் ஒரு துள்ளல் வந்துகொண்டே இருந்தது. மெதுவாக, மெதுவாக என்று இயக்குநர் கெஞ்சினாள்.

பெரிய தொல்லை மணப்பெண்தான். சிவப்புத் துணிக்குள் அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பாக வந்தது. ஃபிலிம் சுருள் சுருளாகத் தீர்ந்துகொண்டிருந்தது. மதுரை ஆன்ட்டி என் சமையலறையிலிருந்து சின்ன வெங்காயத்தை நறுக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் நான்கு தும்மல் தும்மினாள், அழவில்லை.

"மாமியார் எப்பிடின்னு அவகிட்ட சொல்லுடி. தானா அழுவா" என்றார் ஆன்ட்டி.

"நெஜ மாமியார் இல்ல ஆன்ட்டி, நடிப்புதான்."

"அது சரி. நெஜமா இருந்தா இந்நேரம் நாமளும் சேந்து அழுதுருப்போமே."

எங்களில் பாதிப் பேர் அதற்குச் சிரித்துத் தொலைத்ததில் இன்னொரு சுருள் வீணாயிற்று. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

கையில் மருதாணி வைக்கிற கட்டுக்கழுத்தி நான். காசை வை, மருதாணியை அப்பு, கையை மூடிக் கட்டு, ஒன்றும் பேசாதே, நகர்ந்துவிடு. இதுதான் எனக்குச் சொல்லியிருந்தது. உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் கை ஜில்லென்று இருந்தது. அதன் நடுவில் காசை வைத்து வட்டமாக மருதாணி அப்பினேன். எங்கள் வீட்டிலும் அதே வட்டம்தான். கையை மூடினேன். மூடியதும் எனக்கு மீனம்பாக்கம் ஏர்போர்ட் வந்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என் அம்மா. கை நீட்டினால் கண்ணாடிதான் தட்டுப்படும். அன்றைக்கு அம்மா உதட்டை அசைத்துச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாதா? பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததை மறந்து, அதே வார்த்தையை அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"போயிட்டு வா கண்ணு."

அவளுக்கு ஓர் எழுத்துகூடப் புரிந்திருக்காது. ஆனால் சிவப்புத் துணிக்குள்ளிருந்து ஒரு விசும்பல் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. அழுதாள். நடிப்பு இல்லை. பிற்பாடு கேட்டபோது, தன் அம்மா தன்னைக் காலேஜ் வாசலில் விட்டுவிட்டுப் போன நாள் ஞாபகம் வந்ததாகச் சொன்னாள். துணியை விலக்கினேன். கண்ணீரும் மூக்குமாக ஒரு குழந்தை முகம். அதைப் பார்த்ததும் என் கைகள் என்னைக் கேட்கவில்லை. அவள் இரண்டு கன்னத்தையும் வழித்து, என் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி, நெட்டி முறித்தேன். பத்து விரலும் ஒரே சமயத்தில் படபடவென்று முறிந்தன. அந்தச் சத்தத்தில் ஒலிப்பதிவுப் பையன் ஹெட்ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான். அதோடு ஃபிலிம் தீர்ந்தது.

பின்னால் நின்ற மதுரை ஆன்ட்டி, "பிள்ளைக்கு என்னா கண்ணுடி பட்டுச்சோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இயக்குநர் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எந்தத் துருக்கிப் பெண்ணும் அப்படி நெட்டி முறிக்க மாட்டாள் என்றாள். கண் படாமல் இருக்க நீல மணி கோத்துக் கட்டுவார்கள், இது கிடையாது. பார்த்த நிமிஷத்தில் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நானும் கருப்பு முடி இருந்தால் போதும் என்று ஆள் பிடித்தவள்தான், அந்த மீசைப் படக்காரர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். உள்ளே போய் எலுமிச்சை சாதம் கொண்டுவந்து கொடுத்தேன். அழுதுகொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

பிறகு மூன்று வாரம் அவள் காலேஜிலேயே கிடந்து வெட்டி ஒட்டினாள். எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. ஒரு பெண் வருஷம் முழுக்கக் கனவு கண்டதை என் பத்து விரல் முறித்துப் போட்டுவிட்டதே என்று இருந்தது. நெட்டியை வெட்டிப் பார்த்தாளாம். அழுகையும் பாதியில் அறுந்ததாம். அழுகை வேண்டும் என்றால் நெட்டியும் வேண்டும். இரண்டும் ஒரே துண்டில் இருந்தன. கடைசியில், புரொஃபசரிடம் கொடுப்பதற்கு முன்னால் அம்மாவிடமே போட்டுக் காட்டிவிடுவது, திட்டினால் அந்தக் காட்சியையே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். என்னையும் பக்கத்தில் இருக்கச் சொன்னாள். மதுரை ஆன்ட்டியை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு முன்பே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா வீடு. டேப்பைச் செருகினாள். அக்கா மடியில் ஏதோ தையலை வைத்துக்கொண்டு, பார்த்தும் பாராமலும் உட்கார்ந்திருந்தார். விமானம் இறங்கியது. தையல் ஆலை வந்தது. அப்புறம் மருதாணி. மெழுகுவத்திகள் சுற்றின. மதுரை ஆன்ட்டி என் தொடையில் இடித்து, "இந்தா நான்" என்றார். அக்காவின் ஊசி நின்றது. திரையில் நான் கையை மூடினேன். அந்தப் பெண் அழுதாள். படபடவென்று என் விரல்கள் முறிந்தன. அந்தச் சின்ன டிவியிலும் அவ்வளவு சத்தம்.

மகள் மன்னிப்புக் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தி, திரும்பப் போடச் சொன்னார். போட்டாள். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை முடிந்ததும் அக்கா எழுந்தார். டீ போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். டிவி மேல் இருந்த போட்டோவை எடுத்து, மகளின் மடியில் வைத்தார். பச்சைக்கல் மோதிரத்தின் மேல் விரலை வைத்தார்.

"இவள் நம்ம ஊர் இல்லை" என்றார். மகளுக்குத் துருக்கியில் சொல்லியிருக்கலாம். எனக்கும் கேட்க வேண்டும் என்றோ என்னவோ ஆங்கிலத்தில் சொன்னார். "போர்ட்டோ ரிக்கோ. ஆலையில் என் பக்கத்து மெஷின்."

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அந்தச் சாயங்காலம் அறையில் ஒரு துருக்கிப் பெண்கூட இல்லை. வந்து இரண்டே மாதம், யாரையும் தெரியாது. மெஷினில் தனியாக உட்கார்ந்து அழுவதைப் பார்த்துப் பக்கத்து மெஷின்காரி விசாரித்திருக்கிறாள். மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். போலந்துக்காரி ஒருத்தி கேக் செய்துகொண்டு வந்தாள். மருதாணி என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாது. அக்காவே குழைத்து, எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துத் தன் கையை நீட்டினாராம். சோகப் பாட்டுத் தெரியாததால் அவர்கள் தங்களுக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினார்கள். கையைக் கட்டி முடித்த மோதிரக்காரி, தன் வழக்கப்படி அக்காவின் நெற்றியில் விரலால் ஒரு சிலுவை போட்டு முத்தம் கொடுத்தாளாம். அப்போதுதான் அழுகை வந்ததாம்.

ஊருக்குக் கடிதம் எழுதும்போது, மகள் அநாதையாக நிற்கிறாள் என்று அம்மா நினைத்துவிடக் கூடாதே என்று அறை முழுக்க நம்ம பெண்கள் என்று எழுதிவிட்டார். எழுதினதையே பிறகு மகளுக்கும் சொல்லி, சொன்னதையே இத்தனை வருஷம் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

மகள் போட்டோவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா டிவியைக் காட்டினார். "ஆமாம். இப்படித்தான் இருந்தது" என்றார்.

மகள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஊசி குத்திவிடப் போகிறது என்று நான் தையலை எடுத்து அப்பால் வைத்தேன். மதுரை ஆன்ட்டிக்கு ஆங்கிலம் பாதிதான் பிடிபடும். "என்னாடி, திட்டுறாகளா?" என்று காதில் கேட்டார். இல்லை ஆன்ட்டி, பாஸ் பண்ணிட்டோம் என்றேன்.

அதன் பிறகு படம் மாறிவிட்டது. அக்கா சொன்னதையெல்லாம் அக்கா குரலிலேயே பதிவு செய்து, மருதாணிக் காட்சியின் மேல் ஓடவிட்டாள். ஒரே ஒரு காட்சியைப் புதிதாக எடுக்க மறுபடியும் கேமராவைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தாள். இந்த முறை, உங்கள் இஷ்டப்படி வாருங்கள் என்றாள். ஏழு பேரும் பட்டுப்புடவை, பொட்டு, மூக்குத்தி, வளையலோடு மாடிப்படி ஏறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறோம். அவ்வளவுதான். நிஜத்தில் வந்தவர்களுக்கு எங்கள் புடவை இல்லை, எங்களுக்கு அவர்கள் பாட்டு இல்லை. வேறு ஊர்ப் பெண்கள் வந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றாள். கடைசி ஷாட் வாசலில் கிடக்கும் செருப்புகள். மதுரை ஆன்ட்டிக்குத்தான் ஒரு சந்தேகம்.

"படியில வரும்போது பொட்டு இருக்கு. உள்ள வந்தா பொட்டக் காணோம், புடவையையும் காணோம். பாக்குறவுக கேக்க மாட்டாகளா?"

பெண் அழும்போது யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள் என்று இயக்குநர் சமாதானம் சொன்னாள். காலேஜ் அரங்கில் படம் முடிந்து விளக்குப் போட்டதும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, உள்ள போனதும் பொட்டு எங்க போச்சு?" ஒய்-டூ-கே வேலை பார்க்கிற கண்.

அரங்கில் பாதி பேட்டர்சன் துருக்கிக்காரர்கள். அன்றைக்கு நிஜக் கல்யாணத்துக்குப் போன அதே பதினான்கு பேரும் இருந்தார்கள். நெட்டி முறிகிற சத்தம் பெரிய ஸ்பீக்கரில் வந்தபோது, ஏதோ ஒடிந்துவிட்டது போலச் சிலர் தூக்கிப்போட்டு நிமிர்ந்தார்கள். பிறகு அரங்கம் முழுக்கச் சிரிப்பு. அக்காவின் குரல் கடைசியில், ஒரு துருக்கிப் பெண்கூட இல்லை என்று சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா சத்தமாக என்னவோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று அக்கா மகளைக் கேட்டேன். எனக்கும் அப்படித்தான், என் மருதாணிக்கு இத்தாலிக்காரிகள் வந்தார்கள் என்கிறாராம். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தனக்கு யார் வந்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். அதற்கு மேல் புரொஃபசரின் நன்றியுரையை யாரும் கேட்கவில்லை.

வெளியே கூடத்தில் டீயும் பாக்லவா என்கிற துருக்கி இனிப்பும் வைத்திருந்தார்கள். நான் இரண்டாவது துண்டை எடுக்கும்போது அந்த வயதான அம்மா என் எதிரே வந்து நின்று, தன் இரண்டு கன்னத்தையும் தொட்டுக் காட்டினார். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தட்டைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தேன். நன்றாகப் படபடத்தது. அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் மூன்று பேர். கடைசியில் ஒரு வரிசையே நின்றுவிட்டது. இயக்குநரும் மணப்பெண்ணாக நடித்தவளும் வரிசையில் நின்றார்கள். நெட்டி என்பது ஒரு தடவை முறிந்தால் உடனே மறுபடி முறியாது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஐந்தாவது பெண்ணுக்கு இரண்டு விரல்தான் பேசியது. ஆறாவது பெண்ணுக்கு மௌனம். அவர் கன்னத்தைக் காட்டிக்கொண்டே நின்றார்.

மதுரை ஆன்ட்டி பாக்லவா ஒட்டின விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"தள்ளுடி. நான் பாத்துக்கிறேன்."

நான் தள்ளி நின்று விரல்களை நீவிக்கொண்டிருந்தேன். துருக்கி அக்கா பக்கத்தில் வந்தார். அன்றைக்கு நான் ஒன்றும் சமைத்துக்கொண்டு வரவில்லை, ஒன்றும் தைத்துத் தரவில்லை. என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, முதல் நாள் எலுமிச்சை சாதத்துக்குச் சொன்னதையே சொன்னார்.

"உன் கைக்கு ஆரோக்கியம்."

எங்களுக்குப் பின்னால் ஆன்ட்டியின் பத்து விரலும் ஒரே சமயத்தில் முறிந்தன.